அழித்தல் யார் தொழில்?

சைவ சித்தாந்த வகுப்புகளில் இறைவனின் ஐந்தொழில் பாடம் வரும்போது அழித்தலுக்குச் சுடுகாட்டை உதாரணம் காட்டுவது வழக்கம். நான் சங்கைக் காட்டுவேன். தூத்துக்குடியில் பிறந்து, கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஞாயிறு மாலைகளில் சிவஞானபோதம் பாடம் சொல்கிறேன். சங்கு வியாபாரிகள் ஒதுக்கிப் போடும் சங்குகளில் சில, மேலெல்லாம் குண்டூசி குத்தியதுபோல் துளைபட்டிருக்கும். அவற்றுக்கு விலை குறைவு. துளைத்தது பெரும்பாலும் ஒரு கடற்பஞ்சு.

கடற்பஞ்சுக்குப் பல் கிடையாது, நகம் கிடையாது. அதன் உயிரணுக்கள் சுண்ணாம்பின்மேல் படிந்து, மெல்லிய கோடாகக் கரைத்து, சுற்றிவர அறுத்து, கண்ணுக்கே தெரியாத சில்லு ஒன்றைப் பெயர்த்தெடுக்கின்றன. உடம்புக்குள் ஓடும் நீரோட்டம் அந்தச் சில்லை வெளியே தள்ளிவிடுகிறது. இப்படிச் சில்லு சில்லாகக் குடைந்து உள்ளே அறைகள் அமைக்கிறது. சுண்ணாம்பு அதற்கு உணவுகூட இல்லை. இரை தண்ணீரிலிருந்து வருகிறது. இதில் ஒரு பங்கு கரைந்துபோகிறது. மிச்சம் சில்லாகவே கடலடியில் படிந்து வண்டலாகிறது. உள்ள பொருள் இல்லாமற்போவதில்லை, வடிவம் விட்டுத் தன் மூலத்தில் ஒடுங்குகிறது என்ற சற்காரியவாதத்தை மாணவர்களுக்கு விளக்க இதைவிடத் தெளிவான ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை.

கிளிமீன் இன்னும் ஒரு படி மேலே. அலகுபோல ஒட்டிய பற்களால் பவளப்பாறையைச் சுரண்டும். தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு பல்வரிசையால் அரைக்கும். பாசியைச் செரித்துவிட்டு வெள்ளை மணலாகக் கழிக்கும். மாலத்தீவில் வக்காரு என்ற தீவைச் சுற்றி உண்டாகும் மணலில் நூற்றுக்கு 85 பங்கு கிளிமீன் போட்டது என்று 2015இல் கணக்கிட்டார்கள். அழித்தவனே படைத்தவனாக நிற்கும் இடம் அது. உடைக்கிறவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கரீபியன் கடல் காட்டிவிட்டது. 1983இல் ஒரு நோய் பரவி, அங்கே பாசியையும் பாறையையும் சேர்த்துச் சுரண்டிவந்த கரிய கடல்முள்ளிகள் பத்தில் ஒன்பதுக்கு மேல் மடிந்தன. பாசி மண்டிப் பவளங்களை மூடியது.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் ஒரு பெரியவர் எழுந்தார். "அப்படியானால் அம்மா, அழிப்பதும் அவன் தொழில்தானே? நாம் எதற்குக் கலங்க வேண்டும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆபத்தான கேள்வியும்கூட.

ஏன் ஆபத்து என்பதற்கு எங்கள் கடலே சாட்சி. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் இன்று தண்ணீருக்குள். அவற்றைக் காத்து நின்ற பவளப்பாறைகளைப் பல ஆண்டுகள் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டுமானத்துக்கும் வெட்டி எடுத்தோம். 2001இல்தான் பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் பட்டியலில் ஏறின. கல் வெட்டியவர்களை நான் பழிக்கவில்லை. கூலிக்குப் போனவர்கள் அவர்கள். ஆனால் அதைச் சங்காரத்தின், அதாவது இறைவனின் அழித்தல் தொழிலின், கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை.

கடற்பஞ்சு செய்ததையே நாமும் செய்தோம் என்றால், எங்கே வேறுபட்டோம்? ஒன்று, வேகத்தில். பவளம் கட்டுகிற வேகத்துக்குள் குடைகிறவர்கள் இருக்கும்வரை பாறை நிற்கும். கலாபகஸ் தீவுகளில் 1982-83இல் எல் நினோ வெப்பத்தில் பவளம் செத்தபின், எப்போதும் அங்கிருந்த அதே கடல்முள்ளிகள் அடுத்து வந்த ஆண்டுகளில் பாறையையே அரைத்துத் தீர்த்தன. அவை மாறவில்லை, கட்டுகிறவன் இல்லாமல் போனான். கடலை வெப்பமாக்குவதும் அதில் கரியமில வாயுவைக் கரைப்பதும் இன்று நம் வேலை.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். சங்காரம் களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் என்கிறது நம் சித்தாந்தம். அது அருளின் செயல். வினையோ உயிரினுடையது, செய்தவனே அனுபவிக்க வேண்டும். இறைவனின் தொழிலைக் காட்டி என் கன்மத்தை நான் தள்ளிவிட முடியாது. அந்தப் பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன். பொருள் அழியவில்லை என்பது உண்மை, ஆனால் அந்த வடிவத்துக்குள் குடியிருந்த மீனும் நண்டும் அந்த வடிவத்தை நம்பித்தான் இருந்தன என்றும் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதே வளைகுடாவில் தேய்ந்துவந்த வான் தீவைக் காக்க, அதன் முன்னே கடலில் சிமென்ட் அமைப்புகளை இறக்கியிருக்கிறார்கள். அவற்றில் பவளம் பற்றி வளர்ந்தால் கிளிமீனும் வரும், கடற்பஞ்சும் வரும். வந்து குடையட்டும், அவை குடையும் அளவுக்கு அங்கே பவளம் கட்டியிருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.