கண்ணின் இச்சையும் ஏழு கோயில் நடையும்

நண்பர்கள் சிலர் கூடி ஒரே நாளில் ரோம் நகரின் தொன்மையான கோயில்களைச் சுற்றிப் பார்த்து, நடுவில் ஓரிடத்தில் அமர்ந்து உண்டு, பேசிச் சிரித்து, மாலையில் கால் ஓய்ந்து திரும்புவதற்குச் சமய மதிப்பு ஏதேனும் உண்டா, அல்லது அது வழிபாட்டிடத்தைக் கேளிக்கைக்குப் பயன்படுத்துவது மட்டும்தானா என்னும் கேள்வி, சுற்றுலாத் தொழில் பெருகிய பின் எழுந்ததன்று. கிறித்தவச் சிந்தனையில் அது பழங்காலத்திலேயே எழுப்பப்பட்டு, கண்டிப்பான விடையையும் பெற்றது.

அந்த விடையைத் தந்தவர் புனித அகுஸ்தினார். கி.பி. 400ஐ ஒட்டி அவர் எழுதிய ‘ஒப்புதல்கள்’ என்னும் தன்வரலாற்று நூலின் 10ஆம் பகுதியில், விவிலியம் கூறும் கண்ணின் இச்சையை அவர் விரித்துரைக்கிறார். அழகு தரும் இன்பத்துக்காகக்கூட அன்றி, அறிய வேண்டும் என்ற ஆவலுக்காக மட்டுமே காணத் துடிக்கும் மனநிலை அது; அரங்கக் காட்சிகளில் மட்டுமின்றி, வீட்டில் பல்லி ஈயைப் பிடிப்பதைப் பார்த்து நின்றுவிடும் தம் கண்ணிலும் அதன் சாயலைக் கண்டு அவர் வருந்துகிறார். இவ்வளவு நுட்பமாகத் தம்மைச் சோதித்துக்கொண்டவரின் கருத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆயினும் அதே நூலின் 6ஆம் பகுதியில் தம் தாய் மோனிக்காவைப் பற்றி அவர் சொல்லும் செய்தி, இக்கேள்வியின் மறுபக்கத்தைக் காட்டுகிறது.

வட ஆப்பிரிக்க வழக்கப்படி மோனிக்கா, மறைசாட்சிகளின், அதாவது நம்பிக்கைக்காக உயிர்நீத்தவர்களின், நினைவிடங்களுக்குக் கூழும் ரொட்டியும் திராட்சை மதுவும் கூடையில் கொண்டுசெல்வார். எத்தனை நினைவிடங்களுக்குச் சென்றாலும் ஒரே சிறு கிண்ணம்தான், அதிலும் நீர் கலந்த மது, அதையும் உடனிருப்பவர்களோடு ஒவ்வொரு மிடறாகப் பகிர்ந்துகொள்வார். மிலான் நகரின் ஆயர் அம்புரோசியார், இவ்வழக்கம் குடிவெறிக்கு இடம் தரும் என்றும், புறச்சமயத்தார் மூதாதையருக்கு இடும் படையலை ஒத்திருக்கிறது என்றும் கருதித் தடுக்கவே, மோனிக்கா மறுப்பின்றிக் கைவிட்டார். ரோமிலும் இத்தகைய வழக்கம் இருந்ததற்கு எழுத்துச் சான்றே உண்டு: அப்பியா சாலையில் உள்ள புனித செபஸ்தியார் கோயிலின் அடியில், பழைய சுவர்ப்பூச்சின்மேல் பேதுருவையும் பவுலையும் வேண்டி அடியார்கள் கீறிவைத்த நூற்றுக்கணக்கான வரிகளுள், அவ்விருவர் நினைவாக அங்கே விருந்துண்டதைக் குறிப்பவையும் உள்ளன.

அதே கோயிலின் நிலத்தடிக் கல்லறைகளில், 16ஆம் நூற்றாண்டில், இரவுகளில் தனியே செபித்து வந்தவர் புனித பிலிப்பு நேரி. 1544இல் தம் நெஞ்சில் நெருப்பு இறங்கியதை அவர் உணர்ந்ததும் அங்கேதான் என்பது மரபு. தனிமையில் அத்தனை ஆழம் கண்ட அவரே, 1550களில், கார்னிவல் என்னும் தவக்காலத்துக்கு முந்தைய களியாட்ட நாள்களில் ரோம் நகர மக்களைத் திரட்டி, பேதுரு பேராலயம், செபஸ்தியார் கோயில் உள்ளிட்ட ஏழு கோயில்களுக்கும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நடத்திச் சென்றார். வழிநெடுகப் பாட்டு ஒலித்தது. கோயில்களில் செபமும் நடுவே சிற்றுரையும் இருந்தன. நண்பகலில் மத்தேயி குடும்பத்தாரின் தோட்டப் புல்லில் அமர்ந்து ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டி, பழம், சிறிது மது ஆகியவற்றைப் பகிர்ந்துண்டனர். இக்களிப்பு திருச்சபை அதிகாரிகளுக்கு ஐயம் ஊட்டியதால் அவர் விசாரணைக்கும் தற்காலிகத் தடைக்கும் உள்ளானார் எனினும், 1622இல் அதே திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சவேரியாரின் கடிதங்களால் தூண்டப்பட்டு இந்தியா செல்ல விரும்பிய நேரியிடம், அவருக்குரிய இந்தியா ரோம்தான் என்று ஒரு துறவி அறிவுறுத்தினார் என்பதும், சவேரியாரும் நேரியும் ஒரே நாளில் பட்டம் பெற்றனர் என்பதும் தமிழர் நினைவில் கொள்ளத்தக்கவை.

நேரியின் நடை அகுஸ்தினாரின் எச்சரிக்கையைப் பொய்யாக்கவில்லை. கூட்டமும் உணவும் சிரிப்பும் அல்ல, ஒன்றைக் கண்டவுடன் அடுத்ததற்குத் தாவும் கண்ணே வழிபாட்டுக்குத் தடை என்பதை மட்டும் அது தெளிவாக்கியது. ‘நிக்கோமாக்கிய அறவியல்’ 9ஆம் பகுதியில் அரிஸ்டாட்டில், நட்பின் சிறப்பு ஒருவர் வாழ்வதை மற்றவர் உடனிருந்து உணர்வதில் உள்ளது என்றும், வெறுமனே ஓரிடத்தில் சேர்ந்து மேய்வது மனிதருக்குரிய கூடிவாழ்தல் ஆகாது என்றும் விளக்குகிறார். இக்கருத்து கோயில் காண்பதற்கு மிகவும் பொருந்தும். ஏனெனில் நம்பிக்கை இல்லாத ஒருவர், தம்மோடு வந்த நண்பர் பலிபீடத்தின் முன் மண்டியிடுவதைக் கண்டு பேச்சை நிறுத்தி ஒதுங்கி நிற்கும்போது, மொசைக் ஓவியமும் பளிங்குத் தூணும் தாமே உணர்த்த இயலாத ஒன்றை, அதாவது அக்கட்டடம் எதற்காக எழுப்பப்பட்டது என்பதை, அந்த நண்பர் வழியாகக் காண்கிறார். தனியே வந்திருந்தால் அவருக்கு அது கிட்டியிராது. மண்டியிட்டவருக்கும், தமக்காகக் காத்து நிற்கும் நண்பரின் மதிப்புணர்வு வழிபாட்டுக்குத் துணையே தவிர இடையூறு ஆகாது. ஆகவே காண்போர் அவ்வாறு ஒருவருக்காக ஒருவர் நின்று பார்க்கும் வரை, அந்த நாளை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது நேர்மையான தீர்ப்பு ஆகாது.