விலையும் கோணமும்

பல வருஷங்களுக்கு முன் ஒரு எட்டு மாத காலம் நான் கவிதை எதுவும் எழுதவில்லை. கிராஃப் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனியின் பங்கு விலையைப் பேப்பரில் பார்த்து வாரத்துக்கு ஒரு புள்ளி குறிப்பேன். விலை அடிமட்டத்தில் கிடந்த புள்ளியிலிருந்து பாகைமானி வைத்து 45 டிகிரியில் ஒரு கோடு இழுப்பேன். விலை அக்கோட்டுக்கு மேல் நிற்கிறவரை ஏற்றம். கோட்டை உடைத்துக் கீழே வந்தால் வீழ்ச்சி. இந்த முறை டபிள்யூ. டி. கேன் என்ற அமெரிக்கருடையது. 1878-ல் டெக்ஸாஸில் பிறந்து 1955-ல் இறந்தவர். ஒரு அலகு காலத்துக்கு ஒரு அலகு விலை என்ற சமநிலைதான் அவருடைய 45 டிகிரி. விலையும் காலமும் ஒரே சதுரத்தின் இரு பக்கங்கள் என்று அவர் நம்பினார்.

பணத்தாசை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதைவிட வலுவாக என்னைப் பிடித்துக்கொண்டது, அத்தனை கூச்சலுக்கும் அடியில் அசையாத ஒரு சதுரம் இருக்கிறது என்ற எண்ணம். செய்யுளின் அடியில் யாப்பைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது சுலபமான பொறி.

என்னைவிட இளையவரான நண்பர் ஒருவர் என் கோட்டை நம்பிப் பங்கு வாங்கினார். விலை சரியத் தொடங்கியதும், "வித்துடட்டுமா ஸார்?" என்று வந்து நின்றார். "கோடு இன்னும் உடையலையே, பொறுங்க" என்றேன். அந்த வாரம்தான் தாள் தீர்ந்தது. புதுத் தாளில் எல்லாப் புள்ளிகளும் அடங்குவதற்காகக் கட்டத்துக்கு 1 ரூபாய் என்றிருந்ததை 2 ரூபாய் ஆக்கினேன். மறுபடி பாகைமானியை வைத்தேன். பழைய தாளில் வாரத்துக்கு 1 ரூபாய் ஏற்றம் என்று சொன்ன அதே 45 டிகிரி, இப்போது 2 ரூபாய் என்றது. பழைய தாளில் கோட்டுக்கு மேல் இருந்த விலை, புதுத் தாளில் எப்போதோ கோட்டை உடைத்துக் கீழே கிடந்தது. கோணம் விலையில் இல்லை, தாளில் இருந்தது. தாளின் அளவை நிர்ணயித்தவன் நான். நண்பர் அதற்குள் போட்ட பணத்தில் பாதியை இழந்திருந்தார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "டைம் சரியில்ல ஸார்" என்றார். அந்தச் சமாதானத்தை அவருக்குக் கொடுத்ததும் நான்தான்.

கோணம்தான் பொய், சுழற்சி நிஜம் என்று வாதிடலாம். விலைகள் ஏறி இறங்கி மறுபடி ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறோமே. இதற்கு ரஷ்யரான யூஜின் ஸ்லுட்ஸ்கி 1927-ல் ஒரு பதில் சொன்னார். அரசாங்க லாட்டரியில் விழுந்த எண்களின் கடைசி இலக்கங்களை எடுத்து, அடுத்தடுத்த பத்து எண்களைக் கூட்டி ஒரு புள்ளி, ஒன்று நகர்ந்து மறுபடி பத்தைக் கூட்டி அடுத்த புள்ளி என்று குறித்துக்கொண்டே போனார். அலைகள் எழுந்தன. அந்த அலைகளில் ஒரு பகுதி, 1855 முதல் 1877 வரையிலான இங்கிலாந்து வியாபாரத்தின் ஏற்ற இறக்கத்தோடு வியக்கத்தக்க விதத்தில் ஒத்துப்போயிற்று. குருட்டுத் தற்செயல்களைச் சேர்த்து வைத்தாலே சுழற்சி போன்ற ஒன்று பிறந்துவிடும். அதைப் பார்த்த கண் பொய் சொல்லவில்லை. பார்த்ததற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது என்பதுதான் நாம் சேர்த்துக்கொண்டது.

அந்த 1877 என்ற வருஷத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. வியாபார ஏற்ற இறக்கத்துக்குச் சூரியனில் காரணம் தேடிய காலம் அது. இங்கிலாந்துப் பொருளாதாரவாதி ஜெவன்ஸ், சூரியப் புள்ளிகளின் பதினோரு வருஷச் சுற்றைத் தானிய விலைகளில் கண்டதாக 1875-ல் ஒரு கட்டுரை வாசித்தார். அதே தரவுகள் வேறு கால அளவுகளுக்கும் அதே அழகோடு பொருந்துகின்றன என்று கண்டதும், அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நேர்மை அவருக்கு இருந்தது. ஆனாலும் அவரால் சூரியனை விட முடியவில்லை. கேன் பிறந்த 1878-ல் மறுபடி அதற்கே திரும்பினார். இம்முறை இந்தியாவின் விளைச்சல் வழியாக இங்கிலாந்தின் வியாபார நெருக்கடிகளை விளக்கப் பார்த்தார். இடையில், 1877-ல், இந்தியாவின் புள்ளிவிவரத் துறைத் தலைவராக இருந்த ஹண்டர், சென்னையின் மழைக் கணக்கைச் சூரியப் புள்ளிகளோடு பொருத்தி, தென்னிந்தியாவின் வறட்சிக்கும் பஞ்சத்துக்கும் ஒரு சுழற்சி உண்டு என்று எழுதினார். முன்கூட்டியே எச்சரிப்பதுதான் அவர் நோக்கம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அவர் எழுதிய வருஷத்தில் சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் தானிய விலையில் தலையிடுவதில்லை என்பது லிட்டன் சர்க்காரின் கொள்கை. தானிய ஏற்றுமதி தடுக்கப்படவில்லை. நிவாரண வேலை செய்தவர்களின் கூலியில் தானியத்தின் அளவை நாளுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தவர் ரிச்சர்ட் டெம்பிள். சூரியனில் எத்தனை புள்ளி இருந்தாலும் அந்த ஒரு பவுண்டை அது நிர்ணயிக்கவில்லை. அதை நிர்ணயித்தது பெயரும் பதவியும் உள்ள ஒரு மனிதர்.

இங்கேதான் என் கேள்வி. விலையின் சுழற்சியைக் கணிக்க முடியுமா என்பது எனக்கு இப்போது இரண்டாம் பட்சம். கணிக்க முடிந்துவிட்டால் யாருடைய பொறுப்பு மறைந்துபோகிறது என்பதே முதல் கேள்வி. கிரகணத்தை முன்கூட்டிச் சொன்னால் சந்திரன் அதைக் கேட்டுக்கொண்டு பாதை மாறுவதில்லை. விலை அப்படி இல்லை. அது விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் பதுக்குகிறவர்களும் பட்டினி கிடப்பவர்களும் சேர்ந்து உண்டாக்குவது. அதை வானத்து வஸ்துவாக்கிவிட்டால் பதுக்கினவன் வெறும் புள்ளியாகிறான், பட்டினி கிடந்தவனும் புள்ளியாகிறான். இருவருக்கும் நடுவில் ஒரு கோடு போகிறது. கோட்டின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது.

கணிதத்தைக் குறை சொல்லவில்லை. பொய்யைக் காட்டிக்கொடுத்ததும் அதே கூட்டல்தான். ஸ்லுட்ஸ்கியின் அந்த லாட்டரிச் சோதனைக்குப் பத்து எண்களைக் கூட்டத் தெரிந்தால் போதும். ஒரு கணக்கு தன்னையே சந்தேகிக்க இடம் தருகிறதா, அல்லது ஒவ்வொரு தோல்விக்கும் இன்னொரு கோடு போட்டுக்கொள்கிறதா என்பதில்தான் அதன் தர்மம் இருக்கிறது. கேனின் முறையில் கோட்டுக்குப் பஞ்சமே கிடையாது. 45 டிகிரி பொய்த்தால் அதற்குக் கீழே சரிவு குறைந்த இன்னொன்று காத்திருக்கும்.

விமர்சனம் எழுதுகிற நாமும் இதிலிருந்து தப்பியவர்கள் இல்லை. இலக்கியத்தில் இது தேக்கத்தின் காலம், இது எழுச்சியின் காலம் என்று வளைகோடு போட்டுவிட்டு, ஒரு மோசமான புத்தகத்துக்கு அதை எழுதியவனைப் பொறுப்பாக்காமல் காலத்தைப் பொறுப்பாக்குகிறோம். நானே எழுதியிருக்கிறேன்.

அந்த இரண்டு கிராஃப் தாள்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இரண்டிலும் கோடு ஒரே மாதிரி, நேராக, அழகாகப் போகிறது. ஒரே விலைக்கு இரண்டு தாள். நண்பருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அவருடைய டைமில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை, 'பொறுங்க' என்று சொன்னவன் நான் என்று.