அடுத்த பாகம்

முடிந்துபோன கதையின் மேல் யாருக்கு உரிமை? கேள்வி புதிதல்ல. 1950-இல் 'கல்கி' வார இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' 1954-இல் முடிந்தபோது, இப்படியா முடிப்பது என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் காலமானார். வாசகரின் ஆசை மட்டும் நின்றுவிடவில்லை. பின்னால் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் கதையைத் தொடர்ந்தார்.

அதே ஆசையின் இன்றைய உருவம் 'டாய் ஸ்டோரி' அனிமேஷன் படங்களைச் சுற்றி எழும் கூச்சல். 1995, 1999, 2010, 2019 என நான்கு பாகங்கள். ஐந்தாவது 2023-இல் அறிவிக்கப்பட்டது. ரசிகர்கள் இரண்டு கட்சி. பழைய உட்டியும் பஸ்ஸும் பழையபடியே வேண்டும் என்பது ஒன்று. மூன்றாம் பாகத்தோடு எல்லாம் நிறைவு பெற்றுவிட்டது, இனித் தொடக்கூடாது என்பது மற்றது. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன: 'இது என்னுடையது.'

விசித்திரம் என்னவென்றால், மூன்றாம் பாகம் இந்த 'என்னுடையது' என்பதைப் பற்றியதுதான். கல்லூரிக்குப் புறப்படும் ஆண்டி தன் பொம்மைகளை போனி என்ற சிறுமியிடம் ஒப்படைக்கிறான். உட்டிக்காக அவள் கை நீளும்போது அவன் கை சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பிறகு கொடுத்துவிடுகிறான். அந்த இடத்தில் கண்ணீர் விட்ட அதே பார்வையாளர்கள், அவன் கொடுத்ததைத் தாங்கள் கொடுக்க மறுக்கிறார்கள். அழுதது ஆண்டிக்காக அல்ல, பின்னிழுத்த கைக்காகத்தான் என்றே எண்ணத் தோன்றுகிறது.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் படும் இடங்களில் வலை கட்டும் உரிமை சீட்டுப் போட்டு, முறை வைத்துச் சுழன்று வரும். இன்று என் பாடு. நாளை அதே தண்ணீரில் இன்னொருவன் வலை நிற்கும். பாடு வலைக்கு இடம் தரும், மீனுக்கு வாக்குத் தராது. எதிர்பார்ப்புக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் தத்துவ நூல் எனக்குத் தெரியாது. எதிர்பார்க்காமல் எவனும் வலை கட்டுவதில்லை. வெறும் வலை வந்ததற்காக ஏரியின் மேல் வழக்குப் போடுவதுமில்லை.

ஒப்புமையை இழுத்துக்கொண்டே போக முடியாது. ஏரி யாருக்கும் விளம்பரம் செய்வதில்லை. பட நிறுவனமோ ஆண்டுக்கணக்கில் ஆசையை வளர்த்து, நம் பால்யத்தையே ஈடாக வைத்து வியாபாரம் நடத்துகிறது. ஏமாந்த ரசிகனின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கோபம் வியாபாரியின் மேல் பாயட்டும்; கதையை வேறு திசையில் கொண்டுபோகத் துணிந்த படைப்பாளியின் மேல் அல்ல. நான்காம் பாகத்தில் உட்டி, சிறுமியை விட்டுத் தன் வழியே போனதைத் துரோகம் என்றவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள்.

பாடு முறைக்கும் ஒரு இருட்டுப் பக்கம் உண்டு. எல்லாரும் அதற்குள் சேர்த்தியில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள், சண்டையும் மூண்டிருக்கிறது. 1995-இல் ஐந்து வயதாக இருந்தவர்கள் இன்று தங்களுக்குள் மட்டும் சீட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். இன்று ஐந்து வயதாகிறவர்களுக்கு யார் பாடு கொடுப்பது?

தோணிரேவில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு சிறுமி கைபேசியில் நான்காம் பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தைய மூன்றையும் அவள் பார்த்ததில்லை. ஆண்டி யாரென்று கேட்கவுமில்லை. குப்பையிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் கரண்டியில் போனி செய்கிற ஃபோர்க்கிதான் அவளுக்கு எல்லாம். அது மறுபடி மறுபடி குப்பைத் தொட்டிக்குள் குதிக்கும்போதெல்லாம் சிரித்தாள். 'இதற்கு முன்னால் என்ன நடந்தது தெரியுமா' என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.