விழுந்தவர்களின் கணக்கு

பெற்றோரை மதிக்கப் பணிக்கும் நான்காம் கட்டளையை, ஒருநாள் உல்லாசப் பயணத்தால் நிறைவேற்றிவிடலாம் என்று நாமும் எண்ணியதுண்டு. இளம்பிள்ளையிலிருந்து எம் தந்தையாரைச் சேலத்தில் நடந்த மாதிரி விமானக் காட்சிக்கு அழைத்துச் சென்றோம். விமானப்படையில் இயந்திரம் பழுதுபார்த்தவர், வயது எழுபத்தெட்டு. தறிச் சத்தத்திற்குப் பழகிய அவர் செவிகள் அன்று வேறோர் இரைச்சலுக்கு ஏங்கின.

பால்சா மரத்தாலான சிறு 'நாட்' விமானம் ஒன்று மைதானத்தின்மேல் வட்டமிட்டது. அருகிலிருந்த சிறுவன், "தாத்தா, நிஜ விமானம் எத்தனை விமானத்தை வீழ்த்துச்சு?" என்றான்.

தந்தையார் உடனே பேசவில்லை. 1971 நவம்பர் 22 அன்று, முழுப் போர் மூளுமுன்பே, கிழக்கு எல்லையில் பொய்ராவின் வானில் நாட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்தன. பாராசூட்டில் குதித்த பகை விமானிகள் இருவர் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, 1997-இல் அந்நாட்டு விமானப்படைக்கே தளபதியானார்.

"குதிச்ச ரெண்டு பேரும் பிழைச்சுட்டாங்க, தம்பி" என்றார் தந்தையார்.

சிறுவனுக்கு ஏமாற்றம்தான். எமக்கோ வெட்கம். பகைவரை நேசிப்பது பற்றி எத்தனையோ மறையுரை ஆற்றிய நாம், பகைவன் பிழைத்ததை ஒருநாளும் வெற்றிக் கணக்கில் சேர்த்ததில்லை. அவரோ அதைத்தான் முதலில் எண்ணினார். ஐம்பதாண்டுகளாக அவரிடம் இதைக் கேட்காமல் இருந்ததும் மதிப்பாகுமா?

திரும்பும் வழியில், "நம் பக்கத்தில் திரும்பாதவர்கள் யார் அப்பா?" என்று கேட்டோம். கஞ்சமலை தெரியும்வரை மௌனம். பிறகு மெல்லப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்.