கூப்பிட்ட குரலுக்கு

1973 நவம்பர் 27 மாலை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அடித்தளத்தில் உடை மாற்றப் போன நர்ஸ் அருணா ஷான்பாக்கை, அங்கேயே வேலை பார்த்த ஒருவன் நாய்ச்சங்கிலியால் கழுத்தை நெரித்துச் சீரழித்தான். இரவு பகலாக ஆள் நடமாட்டம் உள்ள மருத்துவமனை அது. ஆனாலும் மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே 18-ல் உயிர் பிரியும்வரை, நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனையில் கிடந்தார். அத்தனை காலமும் அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர்கள் அங்கிருந்த நர்ஸுகள்.

2024 ஆகஸ்ட் 9. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர், ஓய்வெடுக்கப் போன கருத்தரங்க அறையில் வல்லுறவுக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அவரையும் காலையில்தான் கண்டார்கள்.

ஊழியர் எந்த அறையில் இருக்கிறார் என்று நொடியில் சொல்லும் கருவி இன்று இருக்கிறது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு ஒரு சின்னப் பொத்தான் சேர்ந்திருக்கும். அழுத்தினால் போதும், யார், எந்த மாடி, எந்த அறை என்பது செக்யூரிட்டியின் திரையில் வந்துவிடும். ஜிபிஎஸ் கட்டடத்துக்குள் சரிவர எடுபடாது என்பதால் புளூடூத் போன்ற ரேடியோ அலைகளையும் அகச்சிவப்பு ஒளியையும் நம்புகிறார்கள். ரேடியோ அலை சுவரையும் தளத்தையும் ஊடுருவும். மூன்றாம் மாடியில் அலறுபவரை இரண்டாம் மாடியில் தேடும்படி ஆகிவிடலாம். அகச்சிவப்பு ஒளி சுவரைத் தாண்டாது. அதனால் அறையைத் துல்லியமாகக் காட்டும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், பிரான்சன் நகரத்து காக்ஸ் மருத்துவமனையில் ஊழியர்கள் மீதான தாக்குதல்கள் 2019-ல் 40. அடுத்த ஆண்டே 123. 2021-ல் அங்கே அதிகபட்சம் 400 ஊழியர்களுக்கு இந்தப் பொத்தான்களைக் கொடுக்க முடிவெடுத்தார்கள்.

பொத்தான் வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் கருவி, பொத்தானை அழுத்தும் கணத்தில் மட்டும் விழித்துக்கொள்வதில்லை. பல மருத்துவமனைகளில் அது நாள் முழுக்க, ஆள் போகும் வரும் இடத்தையெல்லாம் பதிந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதை இன்னொருவர் எந்நேரமும் அறிந்திருப்பது காவலா, கட்டுப்பாடா? பொறியாளரிடம் கேட்டு முடிக்கக்கூடிய கேள்வி அல்ல இது. சமயங்கள் இதை நெடுங்காலமாக யோசித்திருக்கின்றன.

காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்குக் கோயில் உண்டு. கையில் எழுத்தாணியும் ஏடும். யார் என்ன செய்தார் என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறவர். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கபிஸ்தலத்தில் இருப்பவர் கஜேந்திர வரதர். முதலை காலைக் கவ்வியபோது யானை 'ஆதிமூலமே' என்று அலறியது. பெருமாள் கருடன் மேல் பறந்து வந்தார். எங்கும் நிறைந்தவருக்கு யானை இருந்த இடம் முன்பே தெரியும். ஆனாலும் பக்தர்கள் இத்தனை காலமாக உருகுவது அந்த அறிவை எண்ணி அல்ல, அவர் வந்த வேகத்தை எண்ணித்தான். ஸ்ரீரங்கத்து வைணவ ஆசாரியர் பராசர பட்டர் பெருமாளின் அந்த வேகத்துக்கே தனியாக வணக்கம் சொல்லியிருக்கிறார்.

மருத்துவமனைக் கருவியை இந்த இடத்தில்தான் உரசிப் பார்க்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் பொத்தானை அழுத்துகிறார். திரையில் அறை எண் மின்னுகிறது. ஓடி வர ஆள் இல்லை என்றால் அந்தத் துல்லியத்தால் யாருக்கு என்ன பயன்?

ஏடு எழுதும் வேலையோ வேறு திசையில் போகிறது. சித்திரகுப்தன் அரசனையும் ஏவலாளியையும் ஒரே ஏட்டில் எழுதுவதாக நம்பிக்கை. அதுவும் எமதர்மராஜன் முன்னால், ஒரே ஒரு முறை திறக்கப்படும் ஏடு. மருத்துவமனையின் ஏட்டை மேலாளர் நினைத்தபோது திறக்கலாம். கழிப்பறையில் எத்தனை நிமிடம், கட்டிலருகே எத்தனை நிமிடம் என்று கணக்குக் கேட்கலாம். ஆங்கிலத் தத்துவஞானி ஜெரமி பெந்தம் 1791-ல் வெளியிட்ட 'பனாப்டிகன்' நூலில், நடுவே ஒருவர் நின்று எல்லாரையும் கண்காணிக்கும் கட்டட அமைப்பைச் சிறைக்கு மட்டும் பரிந்துரைக்கவில்லை. மருத்துவமனையும் அவர் பட்டியலில் இருந்தது.

காப்பாற்றுகிறேன் என்று தொடங்குவது எப்படிக் கட்டிப்போடுவதில் முடிகிறது என்பதைக் கொல்கத்தாவே காட்டியது. கொலைக்குப் பிறகு மேற்கு வங்க அரசு, ஆபத்தில் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் செயலி ஒன்றை அறிவித்தது. அதே அறிவிப்பில், இயன்ற இடங்களில் பெண்களுக்கு இரவுப் பணியைத் தவிர்க்கலாம் என்றும் சேர்த்தது. செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது; பாதுகாப்புத் தருவது அரசின் கடமை, பெண்களை இரவு வேலையிலிருந்து விலக்குவது தீர்வாகாது என்றது.

கூப்பிட முடியாதவர்கள் விஷயம் வேறு. மறதிநோயால் வார்டை விட்டு வெளியே நடந்துவிடும் முதியவர், பிறந்து சில மணி நேரமே ஆன சிசு ஆகியோர் 'ஆதிமூலமே' என்று அழைக்கும்வரை காத்திருக்க முடியாது. சிசுவின் கணுக்காலில் மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டுகிறார்கள். அனுமதியில்லாமல் யாராவது குழந்தையோடு வாசலை நெருங்கினால் மணி அலறும். முதல் சில நாளில் குழந்தையின் எடை குறையும், பட்டை தளரும். நர்ஸ் அதைத் தொட்டுப் பார்த்து, பிஞ்சுத்தோலில் தடம் விழாமல் மறுபடி இறுக்க வேண்டும். இங்கே கண்காணிப்பு, சந்தேகமில்லாமல், தாய்மையின் வேலை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பொருந்துகிற நியாயத்தை, வாய்திறந்து பேசக்கூடிய, தன் வேலையைத் தெரிந்த அந்த நர்ஸின் கழுத்திலும் மாட்டுவது தவறு.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். வேலைக்கு வந்ததால் அந்த உரிமை வாசலில் கழன்றுவிடாது. ஆகவே இந்தக் கருவியை வாங்கும் நிர்வாகங்கள் ஊழியர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும்: பொத்தானை அழுத்தாத நேரத்துப் பதிவை யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் அழிப்பார்கள், சம்பளத்துக்கோ தண்டனைக்கோ அதைப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதி, இரவில் ஓடி வரப்போகிறவர்கள் எத்தனை பேர். இந்தக் கடைசி எண்ணைச் சொல்ல முடியாத மருத்துவமனை, கருவிக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஆளைப் போடட்டும்.