தண்ணீரில் போடும் நேரம்

துணியே இல்லாமல் ஒரு கோட்டு தைக்கலாம். எம்பிராய்டரி மெஷின் ஃபிரேமில் துணிக்குப் பதிலாகத் தண்ணீரில் கரைகிற பேப்பரை மாட்டி, அதன் மேல் நூலாலேயே பூவும் கொடியும் போட்டு, முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கினால் பேப்பர் கரைந்துவிடும், நூல் மட்டும் மிஞ்சும். ஃபிரீ ஸ்டாண்டிங் லேஸ் என்பது இதுதான். துண்டு துண்டாகப் போட்டு, பேப்பர் பேட்டர்ன் மேல் பரப்பி, ஜிக்ஜாக்கில் இணைத்தால் உடுப்பு.

கீழ் கோத்தகிரியில் இதற்குத் தனி வில்லங்கம் ஒன்று உண்டு. பாலிவினைல் ஆல்கஹாலால் ஆன அந்தப் பேப்பர், காற்றில் இருக்கிற ஈரத்தையும் குடிக்கும். எங்களுடையது மலையின் கிழக்குச் சரிவு. ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை வலுக்கும். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், மத்தளத் தோல்போல் விறைப்பாக மாட்டிய பேப்பர் பாதி டிசைனிலேயே தொய்யும். அன்றைக்கு மெஷினை மூடிவிட்டு வேறு வேலை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்த முறை ஒரு கல்யாண கவுனுக்கு மேலே போடும் வெள்ளை லேஸ் கோட்டு. பெண்ணுக்குத் திருப்பூரில் வேலை, ஹாஸ்டல் வாசம். அம்மா இங்கே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். அளவு கொடுக்க வந்தபோது அந்த அம்மா சொன்னார்: “எம்புள்ள சொந்தக் கால்ல நின்னுட்டா, அக்கா. இனி யாரு தயவும் வேணாம்.”

எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இந்த லேஸ் வேலையில் கைவைத்த நாளிலிருந்து அந்தப் பேச்சு எனக்கு லேசாக உறுத்துகிறது. சேலைக்குப் போடுகிற ரோஜா டிசைனைக் கரையும் பேப்பரில் போட்டால், மெஷினிலிருந்து எடுக்கும்போது பார்க்க அழகாகவே இருக்கும். தண்ணீரில் இட்டதும் இதழெல்லாம் பிரிந்து நூல் சிக்கலாகிவிடும். அந்த இதழ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தனவே தவிர, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை; துணிதான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது. லேஸுக்கான டிசைனில் முதலில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு வலை ஓடும், ஓடிய தடத்திலேயே திரும்பவும் ஓடும். அதன் மேல்தான் சாட்டின் தையல். ஒரு இதழின் ஓரம் அடுத்த இதழுக்குள் கட்டாயம் ஏறியிருக்க வேண்டும். பின்பக்கம் என்று ஒளித்துவைக்க இடமில்லாததால் பாபினிலும் மேல்நூலின் நிறமே. ஆக, தனியாக நிற்குமா நிற்காதா என்பது தண்ணீரில் போடும்போது முடிவாகிற விஷயமில்லை.

சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் ஊர்க்காரர்கள் 1880-களில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். ஈசாக் குரோப்ளி என்பவர் 1863-இல் உருவாக்கிய ஷிஃப்லி மெஷினில், பட்டுத் துணி மேல் பருத்தி நூலால் தைத்து, பட்டை மட்டும் ரசாயனத்தில் கரைத்தார்கள். நம் பக்கத்தில் அதற்கும் முன்பே, 1820-களில், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணையில் ஊசி குத்தி, அதைச் சுற்றிப் பின்னி, முடிந்ததும் ஊசியை உருவிவிடுவது அந்த முறை. திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம் அது. அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாற்றில் இருக்கிறது. சொந்தக் காலில் நிற்பது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்கள்தான். கூடவே, அவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடமும், வாங்க ஆளும், அருகில் உட்கார்ந்து பின்னிய மற்ற பெண்களும் இருந்ததும் ஞாபகம் வருகிறது.

நீலகிரியில் இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்கு என்று கணக்கானது. 3,00,000 பேர் இலங்கைக்கு. இரண்டு மூன்று தலைமுறையாகக் காலூன்றிய மண்ணை ஒரு காகிதம் கரைத்தது. அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னால் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஆயின. இந்தப் பெண்ணின் தாத்தா அப்படி வந்தவர். லைன் வீட்டில் ஒருவர் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொருவர் சோறு போட்டு வளர்த்த கதையை அந்த அம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, மகளுக்கு யார் தயவும் வேண்டாம் என்கிறார்.

மண்ணைவிட்டு எழும்பாத வேலையும் இருக்கிறது, அதையும் குறைவாக நினைக்க முடியாது. தோடர் பெண்கள் முரட்டு வெள்ளைத் துணியில் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடு போட்டுக்கொள்வதில்லை, துணியின் இழைதான் அவர்களுக்குக் கணக்கு. துணியை எடுத்துவிட்டால் அங்கே வேலையே இல்லை. பதினாறு வயதிலிருந்து அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இந்த அம்மாவை நான் அந்த வகையில் சேர்ப்பேன்.

அலசும்போது ஒரு சின்ன நுணுக்கம். முழுக்க அலசினால் லேஸ் பூப்போல மெத்தென்று ஆகும், ஆனால் துவண்டு விழும். கரைந்த பசை கொஞ்சம் நூலிலேயே தங்கினால் விறைப்பாக நிற்கும். கழுத்துப் பட்டிக்கு அது நல்லது. கைக்குழியில் வேர்வை பட்டால் பிசுபிசுக்கும். எங்கே எவ்வளவு விடுவது என்பது கைப்பழக்கம்தான். பிள்ளை வளர்ப்பிலும் இந்த அளவை அறிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கோட்டு வாங்க அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். லைனிங் வேண்டாம் என்று மகள், வேண்டும் என்று அம்மா. தோளுக்கு மட்டும் மெல்லிய நெட் கொடுத்து முடித்தேன். ஹேங்கரில் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே இழுபட்டு நீண்டுவிடும், மடித்துத்தான் வைக்க வேண்டும் என்றேன்.

“ஹாஸ்டல்ல எனக்கு இருக்கிறதே ஒரு தட்டு. கல்யாணம் வரைக்கும் நீயே வச்சிரும்மா” என்றாள் மகள்.

“அப்புறமும் இங்கதான இருக்கப்போவுது” என்றபடி அந்த அம்மா பையை நீட்டினார்.