தடுத்து நிறுத்துதலும் இம்சையே



கொல்லாமையே நம் அறத்தின் உயிர்நாடி என்பதை நம் வீட்டுச் சிறுகுழந்தையும் அறியும். எறும்பைக் கண்டு விலகி நடக்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பொழுது சாயுமுன் உணவை முடிக்கிறோம். ஆயினும், ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்யாது வாளா இருந்ததனாலேயே ஓர் உயிர்க்குத் தீங்கு நேருமாயின், அதுவும் இம்சை ஆகுமா? இவ்வினாவை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறேன்.

அகிம்சை அணுவிரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் ஐந்து என்று உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துள்ளார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்க இயலாச் சுமையை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. ஐந்தாவதை உற்று நோக்குங்கள். அங்கே தடி இல்லை, கத்தி இல்லை, வசைமொழியும் இல்லை. தன்னை நம்பியிருக்கும் உயிர்க்கு உரிய நேரத்தில் உரியதைக் கொடாமை ஒன்றே உள்ளது. தொழுவத்து மாட்டிற்குத் தண்ணீர் காட்டாதவனையே இவ்விதி பற்றுமெனில், மருத்துவமனை வாயிலில் மூச்சுத் திணறுவோனைத் திருப்பி அனுப்புபவனைப் பற்றாது விடுமோ?

1992ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மேற்கு வங்கத்தில் நிகழ்ந்ததொன்றைக் கூறுகிறேன். விவசாயத் தொழிலாளர் ஒருவர் ஓடும் இரயிலிலிருந்து விழுந்து தலையில் பெருங்காயமுற்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை என்றனர். கல்கத்தா நகரின் அரசு மருத்துவமனைகளுக்கு இரவு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டு சென்றனர். ஓரிடத்தில் படுக்கை இல்லை. பிறிதோரிடத்தில் கருவி இல்லை. ஒருவரும் அவரைத் தாக்கவில்லை. எல்லாரும் அனுப்பிவைத்தனர், அவ்வளவே. முடிவில் தனியார் மருத்துவமனையொன்றில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவிட்டு அவர் உயிர் பிழைத்தார். 1996இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. உரிய நேரத்தில் சிகிச்சை மறுப்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், பணமில்லை என்று கூறி அரசு இக்கடமையிலிருந்து நழுவ இயலாது என்றும் தீர்ப்பளித்தது.

அதற்கு முன்னரே, 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், காயமுற்றவரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை, காவல்துறை நடைமுறைகள் அதன் பின்னரே என்று அந்நீதிமன்றம் தெளிவுறுத்தியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், விபத்தில் அடிபட்டவர்க்குப் பணியிலுள்ள மருத்துவர் உடனே சிகிச்சை அளித்தல் வேண்டும் என விதிக்கிறது. 2019இல் அச்சட்டத்தில் செய்த திருத்தம், நல்லெண்ணத்துடன் உதவ முன்வரும் வழிப்போக்கருக்கும் பாதுகாப்பு அளித்துள்ளது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஊழியர்க்கும் குறைகள் உண்டல்லவா? உண்டு. நானும் அரசு ஊழியத்தில் இருந்தவளே. 2003இல் நம் மாநில ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்து, பெருந்தொகையினர் பணிநீக்கம் செய்யப்பட்ட நாட்களின் துயரை நம் குடும்பங்கள் பல மறந்திரா. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்க்கு அடிப்படை உரிமை இல்லை என அவ்வாண்டு உச்ச நீதிமன்றம் கூறிற்று. சட்டம் அவ்வாறு சொல்ல, அறமோ இருபுறமும் நோக்குகிறது. நான்காவது அதிசாரத்தை நினைவு கூருங்கள்: தாங்க இயலாச் சுமையை ஏற்றுதல். ஒரே செவிலியரிடம் மூவர் வேலையைச் சுமத்தும் நிருவாகமும் விரதத்திற்கு மாறானதே. ஆயினும், அச்சுமையை இறக்கக் கோரி நிகழும் பூசலில், பிரசவ வேதனையில் துடிக்கும் தாய் ஒரு தரப்பினள் அல்லள். பாடம் ஒருநாள் நின்றால் மறுநாள் நடத்தலாம். நின்ற மூச்சை மறுநாள் தர இயலாது. ஆகவே, குறைகளை எந்த வழியில் எடுத்துரைப்பினும், உயிர் காக்கும் பணியை மட்டும் அதற்குப் பணயமாக்கலாகாது.

பிறர்க்குக் கிடைக்க வேண்டியதை இடைநின்று தடுப்பவன் அந்தராய கருமத்தைக் கட்டிக்கொள்கிறான் என்பது நம் ஆகமம். ஔடத தானமும் அபய தானமும் பெருந்தானங்கள். கோப்பும் முத்திரையும் கையில் கொண்டு அவற்றைத் தடுப்பவன் எத்தகைய வினையை ஈட்டுகிறான் என எண்ணிப் பாருங்கள். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை சேரும். “நான் என் மேலதிகாரி சொன்னதைத்தான் செய்தேன்” என்பது விசாரணைக்கு உதவலாம், வினைக்கு உதவாது.

இவ்வளவும் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. 1979இல், நான் இளம் ஆசிரியையாக இருந்தபோது, பள்ளி வளாகத்து வேப்பமரத்திலிருந்து ஒரு மாணவன் விழுந்தான். தலையிலிருந்து இரத்தம் பெருகிற்று. தலைமையாசிரியர் வெளியே சென்றிருந்தார். அவர் அனுமதியின்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால் பொறுப்பு என்மீது விழுமே, காவல் நிலையத்தில் கேட்பார்களே என்று தயங்கி, துணியால் காயத்தைக் கட்டி, அரைமணி நேரம் அவர் வரவை நோக்கி அமர்ந்திருந்தேன். அவ்வழியே வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர், என்னிடம் ஒரு சொல்லும் கேளாமல், பையனைத் தூக்கிச் சென்றார். பையன் பிழைத்தான். என்னை ஒருவரும் குற்றம் சாட்டவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அந்த அரைமணி இல்லை. ஆசிரியப் பயிற்சியில் முதலுதவி கற்று மதிப்பெண் பெற்றவள் நான். அந்த வண்டிக்காரர் எழுத்தறியாதவர். பிரதிக்கிரமணம் செய்ய அமரும்போதெல்லாம் அந்த அரைமணியே முதலில் என் முன் வந்து நிற்கிறது. பிரமாதம் என்று நம் ஆசாரியர்கள் கூறும் அசட்டை எத்தகையது என்பதை நூலில் கற்றதைவிட அன்றுதான் கற்றேன்.

நம் குடும்பங்களில் ஆசிரியர் உளர். அரசு அலுவலர் உளர். மருத்துவரும் செவிலியரும் உளர். பணிக்குச் செல்லும் உங்கள் பிள்ளைகளிடம் இதனைக் கூறுங்கள்: “உன் மேசைக்கு முன் ஒருவர் அவசரத்தில் வந்து நின்றால், முதலில் உயிரைப் பார், பிறகு தாளைப் பார்.” அதனால் ஒரு விளக்கக் கடிதம் எழுத நேரிடலாம். எழுதட்டும். ஆயுள் முழுதும் மனத்தில் சுமப்பதைவிட ஒரு தாளில் எழுதித் தீர்ப்பது எளிது.

உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் அமைந்தவை என்பது அருகன் அறம். அவ்வுதவி நம் கைவழியே செல்லும்போது அது தடைபடாதிருக்க நாம் விழிப்போடு இருப்போமாக.

அறம் வளர்க! அருளறம் ஓங்குக!